மூணு குதிரை மோட்டாரும் ஒரு மீன்கூடையும்

நெல்லியாமூர் பத்மாம்பாளுக்குப் பிடிவாதக்காரி என்று ஊரே பட்டம் கட்டியிருந்தது. அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் எதற்காகப் பிடிவாதம் பிடித்தாள் என்று கேட்டால் ஒருவருக்கும் சரியாகச் சொல்ல வராது. "கரண்டு மோட்டார்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னவ" என்று முடித்துவிடுவார்கள். கதை மோட்டாரில் ஆரம்பிக்கவில்லை. ஒரு மாடு கிணற்றில் விழுந்ததில் ஆரம்பித்தது.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, வரப்பிலே முக்கால் மைல் நடந்தால் நெல்லியாமூர் வரும். அங்கே பத்து வீடு நயினார்கள். சமணர்களை அந்தப் பக்கம் நயினார் என்றுதான் சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாக அதே மண்ணில் உழுது பிழைக்கிறவர்கள். மாமிசம் கிடையாது, பொழுது சாய்ந்த பிறகு சாப்பாடு கிடையாது. குடிக்கிற தண்ணீரை வெள்ளைத்துணியை இரண்டாக மடித்து வடிகட்டுவார்கள். துணியில் தங்கிய புழு பூச்சியை மறுபடியும் அதே கிணற்றில் பத்திரமாக விட்டுவிடுவார்கள். பத்மாம்பாளின் புருஷன் மல்லிநாதன் திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டி ஒன்றில் பங்குதாரர். வாரத்தில் ஆறு நாள் அங்கேயே இருப்பார். நாலு காணி நிலமும் கிணறும் பத்மாம்பாள் பொறுப்பு.

1956-ஆம் வருஷம், வைகாசி மாதம். மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கவலையைப் பார்க்காதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். கிணற்று விளிம்பிலிருந்து மண் சரிவு ஒன்று இறங்கும். ஜோடி மாடு அந்தச் சரிவில் முன்னால் இறங்கினால், வடம் இழுபட்டு, சால் என்கிற தோல் வாளி நிறையத் தண்ணீர் மேலே வரும். தண்ணீர் கொட்டியதும் மாடுகள் திரும்பக் கூடாது. பின்னங்காலை வைத்து வைத்து, பின்புறமாகவே சரிவில் ஏறிக் கிணற்று விளிம்புவரை வர வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு தடவை, முந்நூறு தடவை. ஓட்டுகிறவன் வாலை முறுக்குவான், அதட்டுவான், அலுப்புத் தெரியாமலிருக்கப் பாட்டும் பாடுவான். மாட்டின் அலுப்பு பாட்டில் போகாது.

அன்றைக்கு ஓட்டியவன் முருகையன். இருபது வருஷமாக அந்த வீட்டில் வேலை செய்கிறவன், கைதேர்ந்தவன். விளிம்பில் பதித்திருந்த பலகை ஈரத்தில் இற்றுப்போயிருந்தது யாருக்கும் தெரியவில்லை. மயிலைக் காளையின் பின்னங்கால் பட்டதும் பலகை பிளந்தது. கழுத்துக் கயிறு அறுந்ததால் ஜோடிக் காளை செவலை தப்பியது. மயிலை இருபத்தைந்து அடிக்குக் கீழே பாறையில் போய் விழுந்தது. உடனே சாகவில்லை. ஊர் ஆண்கள் இருபது பேர் கூடி, வடம் கட்டி, கட்டை நட்டு, மேலே தூக்கிப் போடுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அதற்கு முன்பே அது அடங்கிப்போயிருந்தது. காலையிலிருந்து பத்மாம்பாள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அது எழுப்பிய சத்தம் முழுக்க அவள் காதில் விழுந்தது. பொழுது போய்விட்டதால் அன்றைக்குச் சாப்பாடும் இல்லை.

மறுநாள் காலை மேல்சித்தாமூர் கோயிலுக்கு நடந்தே போனாள். பார்சுவநாதர் முன்னால் நின்று, "இனிமே என் கிணத்துல மாடு பின்னால நடக்காது" என்று சொல்லிவிட்டு வந்தாள். புருஷனிடம்கூட முன்கூட்டிக் கேட்கவில்லை.

சொல்வது சுலபம். தண்ணீர் யார் இறைப்பது? அந்த ஊரில் அப்போது ஒரே ஒரு எஞ்சின் இருந்தது, சின்னதுரையுடையது. ஊர்ப் பெரிய குடித்தனக்காரர் அவர். ஐந்து குதிரை எஞ்சினை ஒரு கட்டை வண்டியில் ஏற்றி, கிணறு கிணறாக ஓட்டிப் போய் வாடகைக்கு இறைப்பார். பெட்ரோல் ஊற்றிக் கிளப்பி, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். மணிக்கு ஒன்றரை ரூபாய் வாடகை. எண்ணெய் கிணற்றுக்காரன் பாடு. அதன் சத்தம் அடுத்த ஊருக்குக் கேட்கும். சின்னதுரைக்கு அதில் ஏக பெருமை. ஆயுத பூஜைக்கு எஞ்சினுக்கு ரோஜா மாலை போட்டுத் திருஷ்டி கழிப்பார்.

மூன்று வருஷம் பத்மாம்பாள் அந்த எஞ்சினை நம்பித்தான் காலம் தள்ளினாள். நெல்லைக் குறைத்துக்கொண்டு மானாவாரியாக மல்லாட்டையும் கேப்பையும் போட்டாள். கிளப்புகிற நாளில் பெட்ரோல் இருந்தால் மண்ணெண்ணெய் இருக்காது. இரண்டும் இருந்தால் வண்டி வேறு கிணற்றில் நிற்கும். எஞ்சின் வண்டியை இழுக்கவும் இரண்டு மாடு வேண்டியிருந்தது. வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டால் அந்த மாடுகளுக்கும் வால் முறுக்கல்தான். அவள் அதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

1959-இல் செஞ்சி சாலையோரமாக மின்சாரக் கம்பி வந்தது. பத்மாம்பாள் கிணறு சாலைக்குக் கிட்டே. திண்டிவனத்து மின்சார ஆபீசுக்குத் தானே போய், சூப்பர்வைசர் கோதண்டபாணியைப் பார்த்தாள். அமைதியான மனுஷர், எதையும் பென்சிலால் கோடு போட்டுத்தான் விளக்குவார். அவள் கிணற்றுக்கு உடனே கம்பி இழுத்துவிடலாம், ஊருக்குள் கொண்டுபோக வேண்டுமானால் இன்னும் மூன்று கிணற்றுக்காரர்களாவது பணம் கட்ட வேண்டும் என்றார். தன் கிணற்றோடு நின்றால் எஞ்சின் வண்டி மாடுகளின் பாடு ஓயாது என்று, அவள் ஊருக்கு வந்து வீடு வீடாக ஏறி ஐந்து பேரிடம் வாக்கு வாங்கினாள். ஐந்து பேருமே சின்னதுரையின் வாடிக்கைக்காரர்கள். சின்னதுரைக்கு எங்கே வலித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

களத்துமேட்டில் நாலு பேர் முன்னால் அவர் அவளை மடக்கினார்.

"இன்னா நயினாரம்மா, என் எஞ்சின் எந்தக் கெணத்துக்கும் போவும், எந்த நேரத்துக்கும் போவும். உங்க மோட்டாரு ஒரே எடத்துல குந்திக்கினு கெடக்கும். கரண்டு நின்னுச்சின்னா இன்னா பண்ணுவீங்கோ?"

"கரண்டு வர்ற வரைக்கும் காத்துக்கினு இருப்பேன். உன் வண்டிக்காக நான் காத்துக்கினு இருந்ததை வுடவா அது அதிகம்?"

"ஒரு மோட்டாருக்கு ஆயிரம் ரூவா கொட்டணும்."

"கொட்டறேன். அப்புறம் மணிக்கு நாலணாவுல தண்ணி வரும். உன்னுது வாடகை, எண்ணெய், பெட்ரோலு எல்லாம் சேர்த்து ரெண்டரை ரூவா. நாலு வருஷத்துல எது மிச்சம்னு நீயே சொல்லு."

அவர், "கம்பியில வர்றதை நம்பி வெள்ளாமை பண்ணா பேஜாராப் பூடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார்.

ஆயிரம் ரூபாய் அவளிடம் சும்மா கிடக்கவில்லை. அந்த வருஷத்து மல்லாட்டை முழுவதும் போயிற்று, கழுத்துச் சங்கிலியும் போயிற்று. விழுப்புரத்தில் வேங்கடேசன் என்பவர் வைத்திருந்த மோட்டார் கடையில் மூணு குதிரை மோட்டாரும் பம்பும் வாங்கி, பஸ்ஸின் தலையில் ஏற்றி வந்தாள். தோல் சாலையும் வடத்தையும் வேண்டியவர்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். மோட்டார் வந்துவிட்ட தைரியத்தில் இரண்டு காணியில் சொர்ணவாரி நட்டாள். கோடையில் நடுகிற நெல் அது. தண்ணீர் நின்றால் ஒரே வாரத்தில் கருகிவிடும்.

எல்லாம் சரியாக நடந்திருக்கும். நடுவில் மல்லிநாதனின் சித்தப்பா நேமிராஜ் வந்து ஒரு கேள்வி கேட்டார். நேம நிஷ்டை உள்ளவர், கேட்ட கேள்வியும் நியாயமான கேள்விதான்.

"மாட்டைக் காப்பாத்திட்டே, சந்தோசம். இந்தக் கொழா கெணத்துத் தண்ணியை உறிஞ்சுதே, அதோட தவக்களையும் மீன் குஞ்சும் உள்ள போவுமே, அது எந்தக் கணக்கு?"

பத்மாம்பாளுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. தண்ணீருக்குள் முங்கியிருக்கும் குழாயின் அடியில் சல்லடை மாதிரி ஓட்டை போட்ட ஓர் இரும்பு வாய் இருக்கும். புட்வால் என்பார்கள். சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை. மீன் குஞ்சு தாராளமாகப் போகும். மூன்றாம் நாள் அவளுக்கு வழி தோன்றியது. வீட்டில் குடிதண்ணீருக்கு என்ன செய்கிறோமோ அதையே இங்கும் செய்தால் ஆயிற்று. ஒரு புது வெள்ளைத்துணி எடுத்து, இரண்டாக மடித்து, முருகையனைக் கிணற்றில் இறக்கிப் புட்வாலைச் சுற்றி இறுகக் கட்டவைத்தாள். மின்சார ஆபீசிலோ மோட்டார் கடையிலோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. தண்ணீர் வடிகட்டுவதைப் பற்றி அவளுக்கு எவன் சொல்லித்தர வேண்டும் என்று இருந்துவிட்டாள்.

ஐந்து நாள் தண்ணீர் கொட்டியது. ஆறாம் நாள் புதன்கிழமை. பொழுது சாய ஒரு நாழிகை இருக்கும்போது மோட்டாரை ஓடவிட்டுவிட்டு அவள் சாப்பிட வீட்டுக்குப் போனாள். முருகையன் கோடி மடையில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தான். இவர்கள் இரண்டு பேரும் இல்லாத அந்த நேரத்தில், பாசியும் சேறும் படிந்து துணி முழுக்க அடைத்துக்கொண்டது. தண்ணீர் ஏறாமல் பம்பு வெறுமனே சுற்றியது. சூடேறி இறுகிப் பிடித்துக்கொண்டது. சுற்ற முடியாத மோட்டார் உறுமி உறுமி, உள்ளே சுருள் கருகிப்போயிற்று. அவள் கை கழுவிக்கொண்டு வரப்பில் வரும்போதே நாற்றம் வந்தது.

மறுநாள் விடிந்ததும் முருகையன் கிணற்றில் இறங்கிப் புட்வாலை அவிழ்த்து மேலே கொண்டுவந்தான். வெள்ளைத்துணி பச்சைக் களிம்பாக இருந்தது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இது நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும்மா" என்றான் முருகையன். "நான் வாயத் தொறக்க மாட்டேன்."

அவள் துணியைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, மோட்டாரை வண்டியில் ஏற்றினாள்.

விழுப்புரத்தில் வேங்கடேசன் மூடியைக் கழற்றி, மோந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"சுருள் எரிஞ்சிருக்குதும்மா. வாங்கி ஒரு மாசம்கூட ஆவல. கம்பெனி கேரண்டி ஒரு வருஷம் இருக்குது. மோட்டார்லியே கோளாறுன்னு எழுதிப் போட்டா புதுசே அனுப்பிடுவான். எழுதட்டுமா?"

பை அவள் மடியில்தான் இருந்தது. ஊம் என்று ஒரு தலையாட்டல் போதும். சுருள் சுற்றுகிற கூலி மிச்சம், புது மோட்டாரும் வரும், பெயரும் கெடாது. ஒரு கணம் தலையாட்டத்தான் நினைத்தாள், அதை மறைப்பதற்கில்லை. மறுகணம் அவளுக்கு அவள்மேலேயே அப்படி ஒரு கோபம் வந்தது. பையை விரித்துத் துணியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"மோட்டார் மேல குத்தம் இல்ல. அதோட வாயைக் கட்டினது நான்."

வேங்கடேசன் துணியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாமேம்மா நீங்க" என்றார்.

"சுருள் சுத்த எவ்ளோ நாளாவும்னு சொல்லுங்க."

"பத்து பன்னண்டு நாளு. நூத்தம்பது ரூவா. பம்புக்குத் தனி."

"சீட்டு எழுதிக் குடுங்க. என் தப்புன்னே எழுதுங்க."

சாயங்காலம் ஊர் திரும்பியபோது, செய்தி எட்டித் திண்டிவனத்திலிருந்து மல்லிநாதன் வந்திருந்தார். நல்ல மனுஷர். பெண்டாட்டியின் குரல் உயர்ந்தால் தம் குரலைத் தணித்துக்கொள்கிறவர்.

"பத்மா, கோச்சிக்காதே. பத்தே நாள். யாராவது கிட்ட ஒரு ஜோடி மாடு கேட்டுக் கவலை ஓட்டிக்கலாம். மோட்டார் வந்ததும் நிறுத்திடலாம். சாமிக்குத் தெரியாதா நம்ம கஷ்டம்?"

பேசினால் சரி என்று சொல்லிவிடுவோமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. இரண்டு காணி நெல் கண்ணெதிரே நின்றது. கேட்டால் மாடு கிடைக்கும், சால் கிடைக்கும், சரிவு அப்படியே இருக்கிறது.

வெள்ளிக்கிழமை விடிகிறபோது முருகையனுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் கூலி பேசி, கடப்பாறையும் மண்வெட்டியும் கொடுத்து, கவலைச் சரிவை வெட்டிப் போடச் சொன்னாள். அறுபது வருஷம் மாட்டுக் குளம்பு பட்டு இறுகின மண். கடப்பாறை தெறித்தது. முதல் கொத்து அவளே போட்டாள். மல்லிநாதன் கிணற்றடிக்கு வந்து பார்த்துவிட்டு, "வெட்டிட்டியா" என்றார்.

"வெட்டிட்டேன். இனிமே நானே ஆசைப்பட்டாலும் முடியாது" என்றாள்.

அவர் சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டு, தாமும் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

அன்றைக்குப் பத்து மணிக்குக் கோதண்டபாணி ஊருக்கு வருவதாக ஏற்பாடு. ஐந்து பேரில் மூன்று பேராவது பணம் கட்டினால் கம்பி உள்ளே வரும், இல்லாவிட்டால் சாலையோரத்தோடு நின்றுவிடும். ஆலமரத்தடியில் ஊர் கூடியிருந்தது. சின்னதுரை முன்வரிசையில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய எஞ்சின் வண்டி பக்கத்திலேயே நின்றது. துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருந்தார்.

"சார், பார்த்தீங்களா?" என்று அவர்தான் ஆரம்பித்தார். "ஒரு மாசம் தாங்கல மோட்டாரு. நாளைக்கு அஞ்சு கெணத்துலயும் இதே கதிதான். நானு கெட்டவன் இல்ல. நயினாரம்மா, உங்க நெல்லு காயறதை என்னால பாக்க முடியல. என் எஞ்சினை இப்பவே உங்க கெணத்துக்கு ஓட்டறேன். வாடகை வாணாம், எண்ணெய்கூட என் செலவு. ஊருக்குள்ள கரண்டு கம்பி வாணாம்னு ஒரே ஒரு வார்த்தை இவர் கிட்ட சொல்லிடுங்கோ."

வாக்குக் கொடுத்த ஐந்து பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்மாம்பாள் எழுந்தாள். கையெல்லாம் செம்மண். பையிலிருந்து துணியை எடுத்து எல்லாரும் பார்க்கும்படி பெஞ்சின்மேல் விரித்துப்போட்டாள்.

"மோட்டாரு தாங்கல, கரண்டு சரியில்லன்னு எவனும் சொல்லக் கூடாது. மீன் குஞ்சு சாவக் கூடாதுன்னு புட்வால்ல இந்தத் துணியைக் கட்டினேன். அடைச்சிக்கிச்சி. எரிஞ்சிபோச்சி. மனுஷனைத் துணியால மூக்கையும் வாயையும் கட்டிட்டு ஓடுன்னா ஓடுவானா? தப்பு என்னுது. செலவும் என்னுது. சின்னதுரை, உன் எஞ்சின் எனக்கு வாணாம். நெல்லு காஞ்சா காயட்டும்."

சின்னதுரை சிரித்தார். "மோட்டார்க் கடைக்காரன் சொல்லிக்குடுத்தானா? அவன் வியாபாரம் கெடக் கூடாதுன்னு நீங்க பழியை ஏத்துக்கினீங்களா?"

அவள் சீட்டை நீட்டினாள். கோதண்டபாணி வாங்கி உரக்கப் படித்தார். சுருள் சுற்றக் கூலி ரூபாய் நூற்றைம்பது, உபயோகித்தவர் தவறு, கேரண்டி பொருந்தாது என்று இருந்தது.

ஐந்து பேரில் கண்ணையன் என்பவன் மெதுவாக எழுந்தான். ஒன்றரைக் காணிக்காரன், எதற்கும் முந்திக்கொண்டு பேசுகிறவன் இல்லை.

"அம்மா, நீங்க கம்முனு இருந்திருந்தா கம்பெனிக்காரன் புது மோட்டாரே குடுத்திருப்பான் இல்ல?"

"குடுத்திருப்பான்."

"ஓசியில வர்ற மோட்டாரை வாணாம்னுட்டு, நூத்தம்பது ரூவா கட்டி நெசத்தை வாங்கியாந்திருக்கீங்கோ. நீங்க சொல்ற கணக்கும் நெசமாத்தான் இருக்கும். சார், என் பேரை எழுதுங்கோ."

அவனுக்குப் பின்னால் இரண்டு பேர் எழுந்தார்கள். மற்ற இரண்டு பேர் கடைசிவரை எழவில்லை. கோதண்டபாணிக்கு மூன்று போதும். பென்சிலால் கோடு போட்டுக்கொண்டார்.

ஊர்க் கம்பி பிழைத்தது. நெல் பிழைக்க வேண்டுமே. கிணற்றடியில் பழைய ஏற்றக்கால் ஒன்று கவனிப்பாரற்றுக் கிடந்தது. அதை நிமிர்த்தினாள். அதன் குறுக்கு மரத்தின்மேல் ஒருவன் முன்னும் பின்னும் நடக்க, கீழே ஒருவன் சால் பிடிக்க, கையளவுத் தண்ணீர் வரும். சின்னதுரை விடவில்லை. "மாட்டுக்குப் பாவம் பாக்கறவ மனுஷனை மிதிக்க வுடறா பாரு" என்று ஊர் முழுக்கச் சொன்னார். அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது, ஏனென்றால் அதில் உண்மை இருந்தது. முருகையனுக்குக் கூலியை இரட்டிப்பாக்கினாள். சால் பிடிக்கிற இடத்தில் தானே நின்றாள். மூன்றாம் நாள் உள்ளங்கை இரண்டும் வெடித்தது. துணி சுற்றிக்கொண்டு பிடித்தாள். மல்லிநாதன் மண்டிக்கு ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு மடை திருப்பினார். முருகையன் ஏற்றத்தின் மேலிருந்தே, "மாடு வுழுந்த கெணத்துல நம்மளும் வுழுந்துடப் போறோம், ஜாக்கிரதையா புடிம்மா" என்று கத்துவான்.

ஒரு காணிக்குத்தான் தண்ணீர் எட்டியது. மற்றொரு காணியை அவள் கண்ணால் பார்த்துக்கொண்டே காயவிட்டாள். அரைவாசி கருகியதும் செவலைக் காளையை அவிழ்த்து அதில் விட்டாள். அது கழுத்தில் கயிறில்லாமல், தன் இஷ்டத்துக்கு மேய்ந்தது.

அந்த நாட்களில் ஒரு வியாழக்கிழமை அவள் அனந்தபுரம் சந்தைக்குப் போனாள். மீன் குழாய்க்குள் போகக் கூடாது. தண்ணீரையும் தடுக்கக் கூடாது. துணி சின்னது, அதனால் அடைத்துக்கொண்டது. குழாய் வாய்க்கு ஒரு சாண் தள்ளிப் பெரிதாகக் கூண்டு நின்றால் அடைக்காது என்று ஏற்றச் சால் பிடித்துக்கொண்டே யோசித்திருந்தாள். மூங்கில் கூடை வரிசையில் அப்படியொன்று கண்ணில் பட்டது. ஆள் உட்காருகிற அகலம், நெருக்கமான பின்னல். மீன்காரர்கள் உயிர் மீனைத் தண்ணீரில் முக்கி வைக்கிற கூடை.

கூடைக்காரி சவுரியம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள், கழுத்துத் தாலியைப் பார்த்தாள்.

"நயினாரு ஊட்டம்மா மாதிரி இருக்கீங்கோ. இது மீன் கூடை."

"தெரியும். மீனுக்குத்தான் வாங்கறேன்" என்று சொல்லிப் பேரம் பேசாமல் காசைக் கொடுத்தாள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, நயினார் வீதி வழியாகவே நடந்து வந்தாள். சந்து வழியாக வந்திருக்கலாம். வரவில்லை. நேமிராஜ் வாசலில் நின்று பார்த்தார்.

"கர்மம், மீன் கூடையா?"

"ஆமா மாமா. புடிச்சி வைக்கறதுக்குச் செஞ்சது, என் கெணத்துல காப்பாத்தட்டும். கேள்வி கேட்டது நீங்கதானே? பதில் தலை மேல இருக்குது."

கிழவர் கூடையைச் சுற்றி வந்து, பின்னலுக்குள் விரலைவிட்டுப் பார்த்தார். நுழையவில்லை. திரும்பி உள்ளே போய்விட்டார்.

பன்னிரண்டாம் நாள் மோட்டார் வந்தது. கூடைக்குள் புட்வாலை இறக்கி, கல் கட்டி முக்கினார்கள். பித்தானைத் தட்டியதும் தண்ணீர் தொட்டியில் வந்து விழுந்தது. ஒரு காணி நெல் அறுத்தாள். மற்ற காணியில் வைக்கோல்கூட இல்லை. சரிவு இருந்த இடத்தை உழுது கேப்பை விதைத்தாள். அறுபது வருஷத்துச் சாணி அந்த மண்ணில் இருந்தது. கேப்பை இடுப்புக்குமேல் வளர்ந்தது.

அதன் பிறகு கரண்டு நிற்காமல் ஓடியது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கோடையில் நாள் முழுக்க நிற்கும். அப்போதெல்லாம் சின்னதுரையின் எஞ்சின் அவள் வயலுக்கு அந்தப் பக்கம் டபடபவென்று அடிக்கும். அவர் துண்டை வீசிக் காட்டுவார். அவள் ஏற்றக்காலை நிமிர்த்தி வைத்துக்கொண்டு காத்திருப்பாள். ஆறு வருஷம் இப்படிப் போயிற்று.

1965 புரட்டாசியில் யுத்தம் என்றார்கள். மண்ணெண்ணெய் கண்ணில் படவில்லை. சின்னதுரை திண்டிவனத்தில் நாலு நாள் டின்னோடு நின்று வெறுங்கையோடு திரும்பினார். அவர் நெல்லும் பால் பிடிக்கிற பருவத்தில் நின்றது. அவர் கிணறு பத்மாம்பாள் நிலத்துக்கு அந்தப் பக்கம். கம்பி போக வேண்டுமானால் அவள் நிலத்தில் இரண்டு போஸ்ட் நட வேண்டும். ஒன்று சரியாகப் பழைய சரிவின்மேல். அவள் கையெழுத்து இல்லாமல் நட முடியாது.

அவர் வந்தார். வரப்பில் நின்றார். அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. ஆலமரத்துப் பெஞ்சு ஞாபகம் இருந்தது, கருகிய காணி ஞாபகம் இருந்தது. முடியாது என்று சொல்ல நாக்கு துடித்தது.

"எவ்ளோ கேட்டாலும் குடுக்கறேன் நயினாரம்மா" என்றார் அவர். குரலில் பழைய மிடுக்கு இல்லை.

"காசு வாணாம். போஸ்ட்டு நட்டுக்கோ. உன் புட்வாலுக்குக் கூடை கட்டணும். கட்டலன்னா கம்பி என் நிலத்தைத் தாண்டாது."

"நானு மீன் தின்றவம்மா."

"தின்னு. தூண்டில் போட்டுப் புடிச்சித் தின்னு. மோட்டார்ல போட்டு அரைக்காதே."

அவர் காலால் மண்ணைக் கிளறினார். பிறகு, "கூடை எங்க கெடைக்கும்?" என்று கேட்டார்.

கோதண்டபாணி ஜல்தியாகவே வேலையை முடித்துக் கொடுத்தார். மோட்டார் ஓட்டுகிற முதல் நாள், சின்னதுரை ஆள் அனுப்பாமல் தாமே வந்து அவளைக் கூப்பிட்டார். அவள் போய் முதலில் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். தண்ணீருக்கடியில் கூடை தெரிந்தது. அப்புறம்தான் பித்தானைத் தட்டினாள். தண்ணீர் கொட்டியது. எஞ்சின் வண்டி இழுத்த இரண்டு மாடுகளும் கொட்டகை நிழலில் அசை போட்டுக்கொண்டிருந்தன.

மேற்கே வெயில் மஞ்சளித்தது. அவள் கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்து, காதை மோட்டார் பக்கம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நயினாரம்மா, பொழுது சாயுது" என்றார் சின்னதுரை. "ஊட்டுக்குப் போங்க. சாப்பாட்டு வேளை தவறிடும். நான் பாத்துக்கறேன்."

"போன தடவை சாப்பிடப் போய்த்தான் ஒரு மோட்டாரை எரிச்சேன்" என்றாள் பத்மாம்பாள். "கடைசி மடை நிறையட்டும். இன்னிக்கு எனக்குச் சாப்பாடு வாணாம்."